எந்த ஸ்பீக்கருக்கு எந்த ஆம்ப்? வீட்டு ஸ்டீரியோவுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

போன மாதம் தாம்பரத்திலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டார். "அண்ணே, 100 வாட் ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கியாச்சு. எத்தனை வாட் ஆம்ப் போடணும்?" நான் திருப்பிக் கேட்டது: "எவ்ளோ தூரத்துல உக்காந்து கேப்பே?" எதிர்முனையில் சத்தமே இல்லை. கேள்வி தப்பாகப் புரிந்துவிட்டதோ என்று நினைத்திருப்பார்.

ஆம்ப் வாங்கப் போகும் எல்லோரும் வாட்டில்தான் தொடங்குகிறார்கள். ஸ்பீக்கர் பின்னால் 100 என்று போட்டிருந்தால் ஆம்பிலும் 100 என்று போட்டிருக்க வேண்டும், அப்போதுதான் ஜோடி சேரும் என்பது நம் ஊரில் ஊறிப்போன நம்பிக்கை. ஸ்பீக்கரில் எழுதியிருக்கும் வாட் அது எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்கிறது. எவ்வளவு வேண்டும் என்பதை அது சொல்வதில்லை. 100 கிலோ தாங்கும் கட்டிலில் 100 கிலோ ஆள்தான் படுக்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லையே.

அந்தத் தம்பியின் ஸ்பீக்கரையே உதாரணமாக வைத்துக்கொண்டு போகலாம். இரண்டு வழி (பேஸுக்கு வூஃபர், மேல் சுருதிக்கு ட்வீட்டர்) புக்‌ஷெல்ஃப் வகை, 6 ஓம், சென்சிட்டிவிட்டி 86 டெசிபல். ஹால் 12-க்கு 14 அடி, மொசைக் தரை, சோபா ஸ்பீக்கரிலிருந்து இரண்டரை மீட்டர். கையில் ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரும் போனில் கால்குலேட்டரும் இருந்தால் போதும்.

படி 1: ஸ்பீக்கரின் ஓமைத் தெரிந்துகொள்ளுங்கள்

பின்னால் 8 ஓம், 6 ஓம், 4 ஓம் என்று ஏதாவது போட்டிருக்கும். அது ஒரு பெயரளவு எண். ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ், அதாவது மின்சாரத்துக்கு அது காட்டும் தடை, ஒரே இடத்தில் நிற்பதில்லை. சுருதிக்குச் சுருதி, அதாவது ஒலியின் அதிர்வெண்ணுக்கு ஏற்ப, மாறும். 8 ஓம் என்று சொல்லும் பெட்டி கீழ் பேஸில் 30 ஓம் வரை ஏறலாம், 200 ஹெர்ட்ஸ் பக்கம் 6-க்கு இறங்கலாம். ஆம்புக்கு வேலை வைப்பது அந்த இறக்கம்தான். மிருதங்கத்தின் தொப்பியும் ஆண் குரலின் அடிப்பகுதியும் புழங்கும் இடம் அது. பாட்டின் சக்தியில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது.

ஐஇசி என்ற சர்வதேசத் தர அமைப்பின் 60268-5 என்ற தரவிதிப்படி இம்பீடன்ஸ் எந்தச் சுருதியிலும் பெயரளவு எண்ணின் 80 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. 8 ஓம் என்றால் குறைந்தது 6.4, 4 ஓம் என்றால் 3.2. எல்லாத் தயாரிப்பாளர்களும் இதை மதிப்பதில்லை. 8 என்று போட்டுவிட்டு 4-க்கு இறங்கும் பெட்டிகள் தாராளமாக உண்டு. விவரத்தாளில் "குறைந்தபட்ச இம்பீடன்ஸ்" என்று தனியாக ஒரு எண் கொடுத்திருந்தால் அதை நம்புங்கள்.

பழைய பெட்டி, லேபிள் கிழிந்துவிட்டது, அல்லது யாரோ அசெம்பிள் செய்தது என்றால் மல்டிமீட்டரை 200 ஓம் ரேஞ்சில் வையுங்கள். முதலில் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள், 0.3 என்பது போல ஏதாவது காட்டும். அது மீட்டர் ஒயரின் சொந்த ரெசிஸ்டன்ஸ், கழித்துவிட வேண்டியது. பிறகு ஆம்பிலிருந்து கழற்றிய ஸ்பீக்கரின் சிவப்பு, கறுப்பு முனைகளில் வையுங்கள். ஐந்தரை முதல் ஏழு வரை வந்தால் 8 ஓம் வகை. மூன்று முதல் மூன்றரை சொச்சம் என்றால் 4 ஓம். இது டிசி ரெசிஸ்டன்ஸ்தான், இம்பீடன்ஸ் வளைவு முழுவதையும் சொல்லாது. ஆனாலும் ஆம்பைச் சுடும் பெட்டியா, சாதுவா என்று தெரிந்துவிடும்.

படி 2: சென்சிட்டிவிட்டியில் ஒளிந்திருக்கும் சூட்சுமம்

"86 டெசிபல், 2.83 வோல்ட், 1 மீட்டர்" என்று போட்டிருந்தால், ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் கொடுத்து ஒரு மீட்டரில் அளந்தால் 86 டெசிபல் சத்தம் என்று பொருள். ஏன் 2.83 என்ற விநோத எண்? 8 ஓமில் 2.83 வோல்ட் என்பது சரியாக 1 வாட். ஆனால் 4 ஓமில் அதே 2.83 வோல்ட் 2 வாட் இழுக்கும். ஆக 88 டெசிபல் என்று போட்ட 4 ஓம் ஸ்பீக்கர் உண்மையில் ஒரு வாட்டுக்கு 85 டெசிபல்தான். பக்கத்தில் 86 டெசிபல் என்று போட்ட 8 ஓம் ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சத்தம் தரும். கடையில் 88 பெரிதா 86 பெரிதா என்று பார்த்து வாங்குபவர்கள் ஏமாறும் இடம் இது.

வாட்டுக்கும் காதுக்கும் உள்ள கணக்கு இரண்டே வரி. வாட்டை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபல் கூடும். "கொஞ்சம் ஏறியிருக்கு" என்று தோன்றும், அவ்வளவே. சத்தம் இரண்டு மடங்கானது போலத் தோன்ற 10 டெசிபல் வேண்டும், அதற்கு வாட் பத்து மடங்காக வேண்டும். 50 வாட் ஆம்பை விற்றுவிட்டு 80 வாட் ஆம்ப் வாங்குவது வீண்வேலை என்பது இதிலேயே தெரிந்துவிடும். கூடுவது 2 டெசிபல்.

படி 3: உங்கள் சோபாவில் எவ்வளவு வாட் வேண்டும்?

தம்பியின் கணக்கைப் போடுவோம். 86-இல் தொடங்குங்கள். ஸ்பீக்கர் இரண்டு, எனவே 3 கூட்டுங்கள்: 89. திறந்த வெளியில் இரண்டரை மீட்டர் தள்ளிப் போனால் 8 டெசிபல் குறையும். வீட்டுக்குள் சுவர்கள் திருப்பி அனுப்புவதால் இழப்பு அவ்வளவு இருக்காது. மொசைக் தரை, வெறும் சுவர் உள்ள நம் ஹாலுக்கு 5 என்று வைத்துக்கொள்ளலாம். மிச்சம் 84. அதாவது 2.83 வோல்ட்டிலேயே சோபாவில் 84 டெசிபல் வந்துவிடுகிறது. இது சின்னச் சத்தம் இல்லை. அடுத்த அறையிலிருந்து "கொஞ்சம் குறைங்க" என்று குரல் வரும் அளவு.

பிறகு எதற்கு 50 வாட், 100 வாட்? உச்சங்களுக்காக. பாட்டின் சராசரிச் சத்தமும் அதன் உச்சமும் ஒன்றல்ல. இப்போதைய சினிமாப் பாட்டுகள் பலவற்றில் எல்லாவற்றையும் அழுத்தி ஒரே மட்டத்தில் வைத்திருப்பார்கள். உச்சம் சராசரியைவிட 8, 10 டெசிபல்தான் மேலே நிற்கும். ஒழுங்காகப் பதிவான கச்சேரியில், அதிலும் தவில் இருந்தால், 20 டெசிபல் வரை தாவும். சராசரி 80 டெசிபலில் கேட்க வேண்டும், தவில் அடி நசுங்காமல் வர வேண்டும் என்றால் 100 வரை இடம் வேண்டும்.

84-இலிருந்து 100-க்கு 16 டெசிபல். 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு, 6 டெசிபலுக்கு நான்கு மடங்கு, பெருக்கினால் 40 மடங்கு. ஒரு வாட்டில் தொடங்கியதால் 8 ஓம் கணக்கில் 40 வாட். முடிந்தது. தம்பிக்கு வேண்டியது 8 ஓமில் 40 முதல் 50 வாட் கொடுக்கிற, 4 ஓம் வரை இறங்கினாலும் அலுத்துக்கொள்ளாத ஒரு ஆம்ப்.

இதே ஹாலில் 99 டெசிபல் கொம்பு ஸ்பீக்கர் வைத்தால் கணக்கு 2 வாட்டில் முடிந்துவிடும். எதிர்முனையில், பிபிசி 1970-களில் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்காக வடிவமைத்த எல்எஸ் 3/5ஏ என்ற குட்டிப் பெட்டி இருக்கிறது. 82 டெசிபல் பக்கம்தான். அதில் 100 டெசிபல் உச்சம் வேண்டும் என்று கணக்குப் போட்டால் அது தாங்கும் அளவையே தாண்டிவிடும். அங்கே ஆம்பைப் பெரிதாக்கிப் பயனில்லை, ஆசையைச் சிறிதாக்க வேண்டியதுதான். வண்டிக்குள் கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்து கேட்கச் செய்ததை 20 அடி ஹாலில் வைத்துக் குறை சொல்லக் கூடாது.

பேஸ் குமிழைத் திருகுபவர்கள் இன்னொரு கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேஸை 6 டெசிபல் தூக்கினால் அந்தப் பகுதிக்கு நான்கு மடங்கு வாட், 10 டெசிபல் தூக்கினால் பத்து மடங்கு. "50 வாட் ஆம்ப் பத்தலை" என்று சொல்லும் பல வீடுகளில் லவுட்னஸ் பட்டன் அமுங்கியிருக்கும், பேஸ் முழுக்கத் திருகியிருக்கும். அங்கே தேவை சப்வூஃபர்.

படி 4: ஆம்பின் வாட்டை உரித்துப் பாருங்கள்

நான் கல்லூரியில் படித்தபோது விடுதி அறையில் ஒரு கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் இருந்தது. அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் 1200 வாட் பிஎம்பிஓ, அதாவது கண நேர உச்ச வாட் என்ற விளம்பரக் கணக்கு. பின்னால் பொடி எழுத்தில் மின்நுகர்வு 20 வாட். உள்ளே போவது 20, வெளியே வருவது 1200 என்றால் அப்புறம் மேட்டூர் அணை எதற்கு? பிஎம்பிஓ என்ற சொல்லைப் பார்த்தால் அந்த எண்ணையே மறந்துவிடுங்கள். அதை எதாலும் வகுத்து உண்மைக்கு வர முடியாது.

இந்தக் கூத்து நமக்கு மட்டுமானதல்ல. அமெரிக்காவில் விளம்பர வாட்கள் எல்லை மீறியதால்தான் 1974-இல் எஃப்டிசி என்ற மத்திய வர்த்தக ஆணையம் விதியே போட்டது: வாட் என்று எழுதினால் எத்தனை ஓமில், எந்தச் சுருதி வரம்பில், எத்தனை சதவீத டிஸ்டார்ஷனில் (ஒலிச் சிதைவில்) என்று சேர்த்து எழுத வேண்டும். நீங்களும் அந்த மூன்றைத்தான் தேட வேண்டும். "50 வாட், 8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 0.1 சதவீதத்துக்குள், இரண்டு சேனலும் ஓடும்போது" என்று இருந்தால் அது நாணயமான 50. "100 வாட், 6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீதம், ஒரு சேனல் மட்டும்" என்று இருந்தால் அது சுமார் 60 வாட் ஆம்ப், அலங்காரம் செய்துகொண்டு வந்திருக்கிறது. ஏவி ரிசீவர்களில் இந்த இரண்டாவது வகை எழுத்து மிகச் சாதாரணம்.

8 ஓமுக்கும் 4 ஓமுக்கும் தனித்தனியாக வாட் கொடுத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். 8-இல் 50, 4-இல் 90 அல்லது 100 என்றால் பவர் சப்ளையில் சத்து இருக்கிறது. 8-இல் 50, 4-இல் 60 என்றால் மூச்சு வாங்கும். 4 ஓமைப் பற்றிப் பேச்சே இல்லை, பின்பக்கம் "8 முதல் 16 ஓம்" என்று மட்டும் அச்சடித்திருக்கிறது என்றால் தம்பியின் ஸ்பீக்கருக்கு அது வேண்டாம். ஓம் பாதியானால் கரண்ட் இரட்டிப்பாகும். 20 வோல்ட் 8 ஓமில் இரண்டரை ஆம்பியர் இழுக்கும், 4 ஓமில் 5 ஆம்பியர். அந்தக் கரண்ட்டை டிரான்ஸ்ஃபார்மரும் அவுட்புட் டிரான்சிஸ்டரும் ஹீட் சிங்க்கும் சேர்ந்து சுமக்க வேண்டும். 1970-களின் கடைசியில் வந்த நாட் 3020 என்ற ஆம்பில் எழுதியிருந்தது வெறும் 20 வாட். ஆனால் கஷ்டமான ஸ்பீக்கரையும் ஓட்டிக் காட்டியது. எழுதிய வாட்டுக்குப் பின்னால் கரண்ட் கையிருப்பு வைத்திருந்ததுதான் காரணம். இன்றும் பழைய ஆம்ப் தேடுபவர்கள் அதைத் தேடுகிறார்கள்.

படி 5: அசெம்பிள் ஆம்ப் என்றால் டிரான்ஸ்ஃபார்மரைக் கேளுங்கள்

சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர் ரேடியோ கடையிலோ அசெம்பிள் ஆம்ப் வாங்குவதில் தவறே இல்லை. நானும் இரண்டு வைத்திருக்கிறேன். ஆனால் "சேனலுக்கு 200 வாட் சார்" என்ற பேச்சைத் தள்ளிவிட்டு மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். டிரான்ஸ்ஃபார்மரில் 24-0-24, 5 ஆம்பியர் என்று ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

24-ஐ 1.414-ஆல் பெருக்கினால் 34. டையோடு விழுங்குவது போக 33 வோல்ட் டிசி, பிளஸ்ஸிலும் மைனஸிலும். ஆம்ப் தன் பங்குக்கு 3 வோல்ட் எடுத்துக்கொள்ளும், உச்சம் 30. அதை 1.414-ஆல் வகுத்தால் 21 வோல்ட் ஆர்எம்எஸ் (வாட் கணக்குக்கு எடுக்கும் பயனுறு அளவு). 21-ஐ 21-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்தால் 55 வாட். பாரம் ஏறும்போது டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டேஜ் தொய்வதையும் கழித்தால் 50. இந்த டிரான்ஸ்ஃபார்மரை வைத்துக்கொண்டு 8 ஓமில் 200 வாட் எடுக்க எந்த மந்திரவாதியாலும் ஆகாது. கடைக்காரர் கோபப்படமாட்டார், கணக்குத் தெரிந்த ஆள் என்று டீ வாங்கிக் கொடுப்பார்.

அடுத்து ஐசியைப் பாருங்கள். இந்த வகை போர்டுகளில் டிடிஏ 7294 நிறையப் புழங்குகிறது. அதன் தரவுத்தாள் 8 ஓமுக்குப் பிளஸ் மைனஸ் 35 வோல்ட்டும், 4 ஓமுக்குப் பிளஸ் மைனஸ் 27 வோல்ட்டும் வைத்து வாட்டைக் கொடுக்கிறது. ஓம் குறைந்தால் சப்ளையையும் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் சூடேறித் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். ஆக 24-0-24 போட்ட அந்த ஆம்ப் 8 ஓம் ஸ்பீக்கருக்குச் சரி, 4 ஓமுக்குத் தப்பு, தம்பியின் 6 ஓமுக்கு மதில்மேல் பூனை. நானாக இருந்தால் டிரான்ஸ்ஃபார்மரை 18-0-18 ஆக மாற்றித் தரச் சொல்வேன். கணக்குப் போட்டால் 6 ஓமில் சுமார் 38 வாட் வரும். தேவைக்கு ஒரு டெசிபல் சொச்சம் குறைவு, ஆனால் மே மாத மத்தியானத்திலும் நிம்மதி. போலி ஐசிகளும் சந்தையில் நிறைய என்பதால் முழு எல்லைவரை அதை ஓட்டாமல் இருப்பது எப்படியும் நல்லது.

சின்ன கிளாஸ் டி ஆம்ப் வாங்குபவர்களுக்கும் இதே கதைதான், டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதில் அடாப்டர். டிபிஏ 3116 ஐசி போட்ட உள்ளங்கை அளவு பெட்டியில் "2×50 வாட்" என்று இருக்கும். அது 4 ஓமில், 21 வோல்ட்டில், 10 சதவீத டிஸ்டார்ஷனில் வருவது. அதையே வீட்டில் கிடக்கும் 12 வோல்ட் அடாப்டரில் மாட்டி 8 ஓம் ஸ்பீக்கரை இணைத்தால் 9 வாட்டைத் தாண்டாது. 24 வோல்ட் அடாப்டர் கொடுத்தால் 30 வரும். அதே பெட்டி, அதே ஐசி.

இந்த வகை ஆம்புகளில் ஒரு எச்சரிக்கை. இவற்றின் மைனஸ் முனை கிரவுண்டு அல்ல. அதிலும் சிக்னல் ஓடுகிறது. வலது இடது மைனஸ்களை ஒன்றாக முறுக்கி ஒரே ஒயரில் கொண்டுபோகும் பழைய பழக்கத்தை இங்கே காட்டினால் ஆம்ப் போய்விடும்.

படி 6: ஜோடிகளைச் சேர்க்கும்போது

என் சித்தப்பா வீட்டு விசேஷத்தில் நடந்தது. ஆம்பில் ஏ, பி என்று இரண்டு ஸ்பீக்கர் பட்டன்கள். ஹாலில் ஒரு ஜோடி, மொட்டை மாடியில் ஒரு ஜோடி. "ரெண்டையும் அமுக்குடா, மேலயும் கேக்கட்டும்" என்றார் சித்தப்பா. அமுக்கினேன். இரண்டு ஜோடியும் 4 ஓம் என்பது எனக்குத் தெரியும், பேரலலில் 2 ஓம் ஆகும் என்பதும் தெரியும், ஆனால் கல்யாண வீட்டில் யார் ஓம் பார்ப்பது? நாற்பது நிமிடம் தாக்குப்பிடித்தது. பிறகு பேக்கலைட் கருகும் வாடை, தொடர்ந்து பந்தலெங்கும் அமைதி. இடது சேனலின் இரண்டு அவுட்புட் டிரான்சிஸ்டர்களும் ஷார்ட்.

இரண்டு 8 ஓம் ஜோடிகள் சேர்ந்தால் 4. இரண்டு 6 சேர்ந்தால் 3. இரண்டு 4 சேர்ந்தால் 2. ஆம்பின் பின்பக்கத்திலேயே "ஏ மட்டும்: 4 ஓம் முதல், ஏ, பி சேர்ந்து: 8 ஓம் முதல்" என்பது போல அச்சிட்டிருப்பார்கள். அது சும்மா எழுதியதல்ல. ஸ்டீரியோ ஆம்பைப் பிரிட்ஜ் செய்து (இரண்டு சேனலையும் ஒரே ஸ்பீக்கருக்குச் சேர்த்து) மோனோவாக ஓட்டினாலும் இதே கதை: ஒவ்வொரு பாதியும் ஸ்பீக்கரின் ஓமில் பாதியைத்தான் பார்க்கும். வீட்டில் அதற்குத் தேவை வருவது அபூர்வம்.

ஏவி ரிசீவரில் 8 ஓம், 4 ஓம் என்று ஒரு தேர்வு இருந்தால் அது ஒலியை மேம்படுத்தும் சுவிட்ச் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலானவற்றில் அது வோல்ட்டேஜைக் குறைத்துச் சூட்டைக் கட்டுப்படுத்துகிறது, கூடவே வாட்டும் குறைகிறது.

படி 7: சின்ன ஆம்ப் ட்வீட்டரை எரிக்குமா?

எரிக்கும், ஆனால் சின்னதாக இருப்பதால் அல்ல. அதனால் ஆகாத வேலையைச் சொல்வதால். ஆம்பின் வோல்ட்டேஜ் எல்லை வந்தவுடன் அலையின் தலை வெட்டுப்படும், இதுதான் கிளிப்பிங். முதலில் வெட்டுப்படுவது பேஸ் உச்சங்கள். குமிழை இன்னும் திருகினால் பேஸ் ஏற இடமில்லாமல் நிற்கும், மேல் சுருதிகள் மட்டும் ஏறிக்கொண்டே போகும். வெட்டுப்பட்ட அலையிலிருந்து புதிதாகக் கிளம்பும் மேல் சுருதிகளும் அதோடு சேரும். இரண்டும் போய்ச் சேருவது ட்வீட்டரிடம். பெட்டி முழுவதும் 100 வாட் தாங்கும் என்றாலும் அதிலுள்ள ட்வீட்டரின் தலைமுடி போன்ற காயில் தொடர்ந்து தாங்குவது சில வாட்கள்தான். சாதாரணப் பாட்டில் மேல் சுருதிகளுக்குச் சக்தி குறைவு என்ற நம்பிக்கையில்தான் அதை அப்படிச் செய்திருக்கிறார்கள்.

எனவே 100 வாட் தாங்கும் ஸ்பீக்கருக்கு 30 வாட் ஆம்பும் போடலாம், 150 வாட் ஆம்பும் போடலாம். 30-இல் குரல் கரகரத்தால் குறையுங்கள். 150-இல் வூஃபர் தட்டும் சத்தம் கேட்டால் குறையுங்கள். வீட்டில் பிள்ளைகளோ பார்ட்டி நண்பர்களோ குமிழைத் திருகுவார்கள் என்றால் பெரிய ஆம்பே பாதுகாப்பு, கரகரப்பதற்குள் காது வலித்துவிடும்.

குமிழ் பாதியில் இருந்தால் பாதி வாட் என்றும் நினைக்காதீர்கள். 2 வோல்ட் கொடுக்கும் டேக் (டிஜிட்டல் பாட்டை ஆம்புக்கான சிக்னலாக மாற்றும் பெட்டி) இணைத்தால் பல இன்டகிரேட்டட் ஆம்புகள் குமிழ் 11, 12 மணி நிலைக்கு வரும்போதே முழு வாட்டைத் தொட்டுவிடும். போனின் இயர்போன் துளையிலிருந்து கொடுத்தால் குமிழ் கடைசிவரை போனாலும் போதாமல் இருக்கலாம். குமிழின் இடம் கெயினை, அதாவது சிக்னல் எத்தனை மடங்கு பெருகுகிறது என்பதை, காட்டும், வாட்டைக் காட்டாது.

வால்வ் ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வரி. அதன் அவுட்புட் இம்பீடன்ஸ் அதிகம் என்பதால் ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் மேலும் கீழும் ஆடினால் ஒலியின் நிறமும் கூடவே ஆடும். அதற்கு ஆடாத, அதிக சென்சிட்டிவிட்டி உள்ள ஸ்பீக்கராகப் பாருங்கள்; 4, 8 முனைகள் இரண்டிலும் மாற்றி மாற்றிக் கேட்டு நன்றாக இருப்பதில் விட்டுவிடுங்கள்.

படி 8: ஒயர்

கேபிளில் காசைக் கரைப்பவர்களிடம் நான் வாதம் செய்வதில்லை. கணக்கு மட்டும் சொல்கிறேன். எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் 2.5 ஸ்கொயர் எம்எம் மல்டிஸ்ட்ராண்ட் செம்பு ஒயர் 1 கிலோமீட்டருக்கு 8 ஓம். 5 மீட்டர் தூரத்துக்குப் போக வர 10 மீட்டர், ஆக 0.08 ஓம். மெல்லிய 0.75 ஒயர் என்றால் 0.26. ஸ்பீக்கர் ஓமில் 5 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். 4 ஓமுக்கு அது 0.2. மெல்லிய ஒயர் தாண்டிவிடுகிறது, 2.5 தாராளமாக உள்ளே இருக்கிறது. சிவப்பும் கறுப்பும் ஒவ்வொரு சுருள் வாங்கி முறுக்கிக்கொள்ளுங்கள். விவரத்தாளில் டேம்பிங் ஃபேக்டர் (வூஃபர் கூம்பை ஆம்ப் எவ்வளவு இறுக்கிப் பிடிக்கும் என்ற எண்) 500 என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். இந்த 0.08 ஓமே அதை நூறுக்குக் கீழே இறக்கிவிடும், வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் ஒலியைப் பிரிக்கும் கிராஸ்ஓவரின் காயில் மிச்சத்தையும் பார்த்துக்கொள்ளும்.

முனையில் ஒரு இழைகூடத் துருத்திக்கொண்டு பக்கத்து முனையைத் தொடக்கூடாது. மைனஸ் பிளஸ் இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரேபோல இருக்க வேண்டும். ஒன்று மாறினால் பேஸ் காணாமல் போகும், பாடுபவர் நடுவில் நிற்காமல் ஹால் முழுக்க அலைவார். அடையாளமில்லாத பெட்டி என்றால் ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். வூஃபர் கூம்பு வெளியே வந்தால் பேட்டரி பிளஸ் தொட்ட முனைதான் ஸ்பீக்கர் பிளஸ்.

ஆம்பை டிவி ஷெல்ஃபுக்குள் திணிக்காதீர்கள், மேலே நான்கு அங்குலமாவது விடுங்கள். அதன்மேல் செட்டாப் பாக்ஸ், அதன்மேல் குரோஷா விரிப்பு, அதன்மேல் பூஜாடி என்று அடுக்கிய ஆம்புகள் எத்தனையோ பார்த்தாகிவிட்டது.

படி 9: மல்டிமீட்டரிடம் கேளுங்கள்

எல்லாம் மாட்டிய பிறகு, உண்மையில் எவ்வளவு வாட் தேவைப்படுகிறது என்று அளந்துவிடலாம். புதிய ஆம்ப் வாங்கலாமா என்று தவிக்கும் எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். டிரான்சிஸ்டர், ஐசி, கிளாஸ் டி ஆம்புகளுக்கு மட்டும். வால்வ் ஆம்பை ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே போய்விடலாம்.

உங்களுக்குப் பிடித்த, சத்தம் ஏறி இறங்கும் ஒரு பாட்டைப் போடுங்கள். இதற்குமேல் எந்நாளும் வைக்கமாட்டேன் என்ற அளவுக்குச் சத்தத்தை ஏற்றிக் குமிழில் பென்சிலால் கோடு போடுங்கள். பாட்டை நிறுத்தி, ஆம்பை அணைத்து, ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றுங்கள். குமிழைத் தொடாதீர்கள். அதே போனில் அல்லது டேக்கில், போன் வால்யூமையும் மாற்றாமல், 120 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோன் ஒன்றை மைனஸ் 12 டெசிபல் மட்டத்தில் ஓட்டுங்கள். மைனஸ் 12 என்பது உச்ச அளவில் கால்பங்கு. 120 ஹெர்ட்ஸ் எதற்கென்றால் மலிவான மீட்டர்கள் மேல் சுருதிகளில் தப்பாகக் காட்டும். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஒரு சேனலின் பிளஸ் மைனஸ் முனைகளில் அளந்து, வருவதை 4-ஆல் பெருக்குங்கள். அந்தப் பாட்டின் டிஜிட்டல் உச்சத்துக்கு ஆம்ப் கொடுக்க வேண்டிய வோல்ட் அதுதான். அதை அதோடே பெருக்கி 8-ஆல் வகுத்தால் 8 ஓம் கணக்கில் வாட்.

தம்பி கடைசியில் வாங்கியது 8 ஓமில் 45 வாட் கொடுக்கும் பழைய இன்டகிரேட்டட் ஆம்ப், இரண்டாம் கை. மாட்டிய அன்றே இந்தச் சோதனையைச் செய்யச் சொன்னேன். ராத்திரி பத்தரைக்குக் கூப்பிட்டார்.

"அண்ணே, 2.1 வோல்ட் காட்டுது."

"நாலால பெருக்கு."

"8.4. அதை அதோட பெருக்கினா எழுபது சொச்சம்... எட்டால வகுத்தா ஒம்போது வாட் கூட வரலையேண்ணே. மீட்டர் கெட்டுப்போச்சா?"

"மீட்டர் நல்லாத்தான் இருக்கு. அந்தச் சத்தத்துல உங்க வீட்ல எவ்ளோ நேரம் கேக்க விட்டாங்க?"

"ஒரு பாட்டு. அம்மா வந்து குமிழைத் திருகிட்டாங்க."